இடது கால்

விளையாட்டுக் கல்லூரியின் வெள்ளை வேன்
பாகாவ் சந்தியில் திரும்பும்போதே தெரிந்துவிடும் எனக்கு.
செம்பனை லாரிகள் புழுதி தட்டும் சாலையில்
அவ்வளவு சுத்தமான டயர் வேறு யாருக்கும் இல்லை.

வருஷா வருஷம் வருவார் ஸுல்ஹைரி.
கையில் நோட்டு, காதுக்கு மேல் பென்சில்.
போன தடவை கிருபனைக் கொண்டுபோனார்.
அதற்கு முந்தி, இரட்டையரில் உயரமானவனை;
குட்டையானவன் அப்புறம் ஆட வரவில்லை,
பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கிறான்,
எங்கள் பந்துகளுக்கும் சேர்த்து.

அங்கே புல்லுக்கு ராத்திரியிலும் தண்ணீர்.
ஆளுக்கு மூன்று முட்டை, கைச்செலவுக்கு இருநூறு வெள்ளி,
முழங்கால் வீங்கினால் ஐஸ் வைக்க ஒரு சம்பளக்காரர்.
இங்கே தொழிற்கல்லூரியில்
வெல்டிங் வகுப்பு முடிந்து கண் சிவந்து வரும் பதினோரு பேர்,
பூட்ஸ் ஏழு ஜோடி.
மழை விட்டால் மைதானம், விடாவிட்டால் குளம்.
லீக்கில் அவர்களோடு கடைசி மூன்று ஆட்டம்:
ஏழு, ஒன்பது, ஏழு.
எங்கள் பக்கம் எழுத ஒன்றுமில்லை.
ஒன்பதில் நான்கு கிருபன் அடித்தது.
அடித்துவிட்டுக் கொண்டாடாமல் திரும்பி நடந்தான்,
மரியாதையாகத்தான்.
அதுதான் அதிகமாக வலித்தது.

இந்த வருஷம் தர்வின்.
மூன்றாம் டிவிஷன் பையன், அப்பா குலை வெட்டுகிறார்.
அவன் இடது காலைப் பற்றி என்ன சொல்ல,
பந்து அதனிடம் வந்து நிற்காது, உட்கார்ந்துவிடும்.
பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக
ஜெயிக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன்.
நம்பர் சீட்டைப் போல மடித்து
சட்டைப் பையில் வைத்திருந்த கணக்கு.

பட்டணத்துப் பள்ளியோடு பயிற்சி ஆட்டம்.
வேன் திரும்பியது.
கோல்கீப்பரின் கையுறையைக் கழற்றி
தர்வினிடம் நீட்டினேன்.
"இன்னிக்கு நீ கோல்ல நில்லு."
"நானா சார்?"
"நில்லுடா."

நின்றான்.
கடன் கொடுத்தவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
நாற்பது நிமிஷத்தில் ஆறு உள்ளே போனது.
ஒவ்வொன்றையும் வலையிலிருந்து பொறுக்கி
நடுவுக்குத் தட்டிவிட்டான்,
வலது காலால்.

ஸுல்ஹைரி நோட்டை மூடினார்.
"யாரும் இல்லையா இந்த வருஷம்?"
"தாடா" என்றேன்.
மலாயில் அதைச் சொல்ல ஒரு முழு மூச்சுகூட வேண்டாம்.
போகும்போது ஒரு மைலோ டின் கொடுத்தார்.
குடித்தேன்.

லீக் வந்தது. அவர்கள் ஐந்து போட்டார்கள்.
தர்வின் ஒன்று,
இருபத்தைந்து அடிக்கு அப்பாலிருந்து, இடது காலால்.
பலகையில் எங்கள் பக்கம் ஓர் எண் ஏறியதைப் பார்த்து
பையன்கள் தோற்றதை மறந்து அவனைத் தூக்கினார்கள்.
நானும் கை தட்டினேன்.
பையில் இருந்த கணக்கு வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

இப்போது அவன் எண்ணெய் மில்லில், இரவு ஷிப்டு.
சனிக்கிழமை தூங்காமல் நேரே மைதானத்துக்கு வருவான்.
கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே
ஒரு நாள் கேட்டேன்:
"அன்னிக்கு வேன் வந்தது தெரியுமாடா?"
பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.
"தெரியும் சார். லாரி மாதிரி குலுங்காதே அது."

மேலே எதுவும் சொல்லவில்லை.
அந்த மாசம் அவன் அப்பா
தோளில் குலை விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்;
போயிருக்கமாட்டான், வீட்டை விட்டு எப்படிப் போவான்
என்று ராத்திரிகளில் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.
சில ராத்திரி நம்புகிறேன்.
அவன் அப்பாவைப் பார்க்க நான் போகவில்லை என்பதும்
அப்போதுதான் ஞாபகம் வரும்.

கயிற்றை முடிந்து எழுந்தான்.
பந்தை என் பக்கம் தட்டினான்,
வலது காலால்.